தங்கிவிட்ட சிஸ்டர்கள்

வேலையை விட்டுப் போகிற எந்த நர்ஸும் ராஜினாமா கடிதத்தில் உண்மைக் காரணத்தை எழுதி நான் பார்த்ததில்லை. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ஒரே வரிதான் இருக்கும். வாயால் கேட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்பார்கள். அனுபவச் சான்றிதழும் கடைசி மாதச் சம்பளமும் கைக்கு வருகிற வரை யார் வாயைத் திறப்பார்கள்? மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் நலம் விசாரிக்கும்போதுதான் நிஜம் வெளியே வரும்.

வார்டு இன்சார்ஜ் என்பதால் இந்தக் கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். ரொம்ப நாளாக நானும் மற்ற இன்சார்ஜ்களைப் போல “ஏம்மா போற?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. பத்து, பதினைந்து வருஷமாக இதே வார்டில் இருக்கிறவர்களிடம் போய், “நீங்க ஏன் இன்னும் போகலை?” என்று கேட்டேன். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். “இந்த வயசுல எங்க சிஸ்டர் போறது?” என்பார்கள். அது ஒப்புக்குச் சொல்கிற பதில். அதிகாலை நாலு மணி டீக்கு உட்காரும்போது மறுபடி கேட்டால் வேறு பதில் வரும்.

நான் கேட்பதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கேள்வியை வேறு சிலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடும் நர்ஸ் பற்றாக்குறை. எல்லா ஆஸ்பத்திரியும் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் நர்ஸ்கள் போகாமல் இருந்தார்கள். அமெரிக்க நர்சிங் அகாடமி அந்த மாதிரி 160க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளைப் பார்த்து, 41ஐத் தேர்ந்தெடுத்து, அங்கே என்னதான் இருக்கிறது என்று நர்ஸ்களிடமே கேட்டது. 1983ல் அறிக்கை வந்தது. காந்த ஆஸ்பத்திரிகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். வார்டில் போதுமான ஆள், வளைந்து கொடுக்கிற ஷிப்ட், கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கும் நர்சிங் தலைமை, நோயாளி விஷயத்தில் நர்ஸ் தானே முடிவெடுக்க இடம், அந்த முடிவை மதிக்கிற டாக்டர்கள். எங்கள் நாலு மணி டீயில் பேசுவதும் இதையேதான், கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து.

ஆனால் ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். போகாமல் இருப்பவர்கள் எல்லோரும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் இல்லை. சிலர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் போக மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிற ஆஸ்பத்திரிகளில் ஆட்கள் தங்கத்தான் செய்வார்கள். சிலர் காத்திருக்கிறார்கள். 2015ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் வந்து உட்கார்ந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சம்பளத்திலும் பெரும்பாலானோர் வேலையை விடவில்லை. எப்படியும் ஒருநாள் பணி நிரந்தரம் ஆகும், காலமுறை ஊதியம் வரும் என்ற கணக்கு. அது தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன், என் தோழிகள் பலர் அதே கணக்கில் இருந்தவர்கள். ஆனால் அவர்களைக் காட்டி, “பாருங்க, நம்ம நர்ஸ்களுக்கு எவ்வளவு சேவை மனப்பான்மை” என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சம்பளத்தைத் தாண்டித்தான் மற்றதெல்லாம். இதைச் சொல்லாமல் மன நிறைவு, மரியாதை என்று எழுதினால் அது நிர்வாகத்துக்கு வசதியான கட்டுரையாகப் போய்விடும். 2016ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைத்த குழு தெளிவாகச் சொன்னது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி, மாநில அரசு நர்ஸுக்கு என்ன சம்பளமோ அதையே கொடுக்க வேண்டும். 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதம். 50க்கும் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்ஸ்கள் பல முறை தெருவில் இறங்கி 2018ல் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை அரசாணையாகவே வாங்கினார்கள். நம் பக்கம் என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரிந்த எந்தத் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எங்கள் வார்டிலிருந்து போன பெண்களில் பாதிக்கு மேல் வெளிநாடுதான். குவைத், சவுதி, அயர்லாந்து, இங்கிலாந்து, இப்போது ஜெர்மனி. நைட் டூட்டி முடித்துவிட்டு நேராக ஜெர்மன் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கடன் இருக்கிறது, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது. அவர்களை நிறுத்த எந்த இன்சார்ஜாலும் முடியாது, நிறுத்தவும் கூடாது. நான் பேசுவது, போகவும் வாய்ப்பிருந்து, வீட்டுச் செலவும் ஓரளவுக்கு ஓடி, இங்கேயே இருக்க முடிவு செய்தவர்களைப் பற்றி.

எங்கள் சர்ஜிகல் வார்டில் ஒரு சீனியர் சிஸ்டர் இருக்கிறார். ஒருநாள் நைட்டில், பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் இருந்த ஒருவர். பிபி 120/80. காய்ச்சல் இல்லை. பல்ஸ் மட்டும் பத்து மணிக்கு 84, பன்னிரண்டுக்கு 92, ஒன்றரைக்கு 104. ஆள் புரண்டு புரண்டு படுக்கிறார், விரல் போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறது. கேட்டால் வலி இல்லை என்கிறார். டூட்டி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வலியாகத்தான் இருக்கும், பாராசிட்டமால் போட்டுவிடுங்கள் என்று போய்விட்டார். சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மணிக்கு சர்ஜனின் வீட்டுக்கே போன் போட்டார். “சார், பல்ஸ் தவிர எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. ஆனா எனக்கு என்னமோ சரியாப் படலை.” அவர் வந்தார். ரத்தம் எடுத்தார்கள், அந்த நேரத்தில் ஸ்கேன் ஆளை எழுப்பி ஸ்கேனும் பார்த்தார்கள்.

ஒன்றும் இல்லை. காலையில் அந்த நோயாளி இட்லி கேட்டார்.

காலை ரவுண்ட்ஸில் டூட்டி டாக்டர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. சர்ஜன் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: “சிஸ்டர், அடுத்த தடவையும் இதே மாதிரி கூப்பிடுங்க. நான் வந்துட்டு ஒண்ணுமில்லைன்னு திரும்பிப் போறதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.” அவ்வளவுதான், அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அந்த வருஷமே ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் திறந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அந்த சிஸ்டருக்கு அழைப்பு வந்தது. மாதம் நாலாயிரம் ரூபாய் கூட. அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்: “அங்க போனா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு போன் பண்றதுக்கு நான் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

இதை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குப் புரியவைக்கப் பல தடவை முயன்றிருக்கிறேன். சீனியர் நர்ஸின் கைத்திறமையைப் பெட்டியில் போட்டு வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். கண்ணுக்கே தெரியாத நரம்பில் வென்ஃப்ளான், அதாவது ட்ரிப் ஏற்றுகிற ஊசிக்குழாய், போடத் தெரிந்தவருக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை உண்டு. ஆனால், ‘இந்த சிஸ்டர் கூப்பிட்டால் காரணம் இருக்கும்’ என்று டாக்டர்கள் மனதில் இருக்கும் நம்பிக்கை இருக்கிறதே, அதைக் கொண்டுபோக முடியாது. அதைச் சேர்க்க வருஷக்கணக்காகும். சேர்த்து வைத்தவர் சுலபத்தில் இடம் மாற மாட்டார். அது சேரவே விடாத இடங்களும் இருக்கின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், ராத்திரி போன் செய்தால் கன்சல்டன்ட் திட்டுவார். இரண்டு தடவை திட்டு வாங்கியவர்கள் மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. நர்ஸ் நோட்டில் ‘டூட்டி டாக்டர் இன்ஃபார்ம்டு’ என்று நேரம் போட்டு எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். சட்டப்படி எங்கள் மேல் தப்பில்லை. அந்த ஒரு வரியை எழுதி எழுதியே அங்கே நல்ல நர்ஸ்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. வெளியே இருப்பவர்களுக்கு இது வேலைப்பளு என்று மட்டும் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது வேறு மாதிரி வலிக்கும். அதே பழைய ஆஸ்பத்திரியில் நைட்டுக்கு முப்பது படுக்கைக்கு இரண்டு பேர். ஆளுக்குப் பதினைந்து. ராத்திரி பத்து மணி ஆன்டிபயாட்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைச் சரிபார்த்து, கலக்கி, லைன் ஓடுகிறதா என்று ஃப்ளஷ் பண்ணி, மெதுவாக ஏற்றி, மறுபடி ஃப்ளஷ் பண்ணி, கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளிடம் போக வேண்டும். நடுவில் ஒருவருக்கு ட்ரிப் நின்றிருக்கும், ஒருவர் பாத்ரூம் போகக் கூப்பிடுவார், நோயாளியோடு தங்கியிருக்கும் ஒருவர் ஃபேன் சுற்றவில்லை என்பார். பதினைந்தாவது நோயாளிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றே முக்கால். சார்ட்டில் மட்டும் எல்லோருக்கும் 10 மணி.

ஒவ்வொரு நாளும் அந்தப் பத்து மணியை எழுதுவது பழகிவிடும் என்று நினைப்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பழகிவிடும், ஏனென்றால் சரியாகச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்குத்தான் பழகாது. இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய பாட்டியைத் திருப்பவில்லை, வீட்டுக்குப் போகிறவருக்கு இன்சுலின் எப்படிப் போட்டுக்கொள்வது என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை என்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மனதில் ஓடும். உழைத்துக் களைத்த உடம்பு தூங்கி எழுந்தால் தேறிவிடும், இந்த நினைப்பு அப்படிப் போகாது. சீனியர்கள் தங்குவதும் போவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது என்பது என் எண்ணம். கற்றுக்கொண்ட வேலையைக் கற்றுக்கொண்டபடி செய்ய விடுகிற இடத்தை விட்டு மனசில்லாமல்தான் கிளம்புவார்கள்.

2002ல் லிண்டா எய்கென் என்ற நர்சிங் பேராசிரியையும் அவர் குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அதே ஒரு நோயாளியால் நர்ஸ் மனம் வற்றிப்போகிற வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. இரண்டும் ஒரே ஆய்வில், பக்கத்துப் பக்கத்தில். கலிபோர்னியாவில் சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே போட்டு 2004ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது ஐந்து. நமக்கும் விதி இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்துக்கு ஒன்று, அதற்கு மேல் லீவு போடுகிறவர்களுக்குப் பதிலாக 30 சதவீதம் கூடுதல் ஆள். நர்சிங் கல்லூரியில் இதை மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டுதான் ஒன்றுக்குப் பதினைந்து வார்டில் டூட்டி ஏறுகிறோம்.

ரோஸ்டரைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். மாதக் கடைசியில் நான் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து போடுகிற அந்தத் தாளில் இருப்பது எம், ஈ, என், ஓ என்ற நாலு எழுத்து: காலை, சாயங்காலம், நைட், ஆஃப். அதற்குள் பிள்ளையின் பரீட்சை, வளைகாப்பு, குலதெய்வம் கோயில் பொங்கல், மாமனாரின் டயாலிசிஸ் எல்லாம் இருக்கிறது. சீனியர்கள் கேட்பது பெரிய சலுகை இல்லை. ரோஸ்டர் முன்கூட்டியே வர வேண்டும், வந்தது மாறக் கூடாது. அதைவிட முக்கியமாக, நைட் முடித்து காலையில் வீட்டுக்குப் போகிற நாளை ஆஃப் என்று எண்ணக் கூடாது. எட்டு மணிக்கு அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, ஒன்பதரைக்கு வீடு போய்ச் சேர்ந்து, சாயங்காலம் வரை தூங்குவதற்குப் பெயர் வார விடுமுறையாம். பல ஆஸ்பத்திரிகளில் இன்னும் இந்தக் கணக்குதான். இங்கே அதை மாற்ற எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் மேடம் ஒரு வருஷம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டினார். மாறியது. அதற்காகவே அவர் ரிட்டையர் ஆகிற வரை நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்கிற இரண்டு பேர் என் வார்டில் இருக்கிறார்கள். அந்த மேடத்திடம் இன்னொரு வழக்கம்: வாரத்தில் ஒருநாளாவது சொல்லாமல் நைட்டில் வருவார். தப்புக் கண்டுபிடிக்க இல்லை, ஆள் குறைந்திருந்தால் கையுறை மாட்டிக்கொண்டு கூட நிற்பார்.

குழந்தை பிறந்தபிறகுதான் நிறையப் பேரை இழக்கிறோம். 2017ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது 26 வாரச் சம்பள விடுப்போடு இன்னொன்றும் வந்தது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். விடுப்பு ஓரளவுக்குக் கிடைக்கிறது. காப்பகம் என்று ஓர் அறைக்குப் போர்டு மாட்டி உள்ளே பழைய கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிற இடத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எட்டு வருஷ ஐசியு அனுபவம் உள்ள ஒரு பெண், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பிபி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நோயாளியின் சொந்தக்காரர்கள் சத்தம் போடுவது, கை ஓங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 2008லேயே சட்டம் இருக்கிறது. சட்டத்தைவிட, சத்தம் கேட்டதும் யார் முதலில் ஓடி வந்து பக்கத்தில் நிற்கிறார் என்பதைத்தான் நர்ஸ்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். அப்புறம், ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று கொடுக்கிற என்ஏபிஎச் ஆடிட் வந்தால் எழுத வேண்டிய பேப்பர்கள். அதைத் திட்ட ஆரம்பித்தால் இன்று முடியாது.

மே 12 நர்ஸ் தினத்துக்குக் கேக் வெட்டுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், வெள்ளுடை தேவதைகள் என்பார்கள். கேக் நன்றாகவே இருக்கும். தேவதை என்றால்தான் கொஞ்சம் பயம். தேவதைக்குச் சம்பளக் கமிஷன் கிடையாது, மூட்டு வலியும் வராது. நாற்பதைத் தாண்டிய நர்ஸுக்கு முதுகு போகும், காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும்.

இங்கேதான் எனக்கும் எங்கள் நிர்வாகத்துக்கும் இப்போது வாக்குவாதம். இருபது வருஷ நர்ஸுக்குச் சம்பளம் ஏற வேண்டுமென்றால் அவர் இன்சார்ஜ் ஆக வேண்டும், அதற்கு மேல் சூப்பர்வைசர் ஆக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஸ்டாஃப் நர்ஸுக்கு அடுத்த படி நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் கிரேடு மூன்றுதான். அதாவது நோயாளியை விட்டு விலக விலகத்தான் பதவி. போர்வையை இழுக்கிற விரலைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்த ஆளைத் தூக்கி, ஸ்டோரிலிருந்து பொருள் கேட்டு இன்டென்ட் எழுத உட்கார வைக்கிறோம். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1980களிலேயே, புதிதாக வருகிறவரிலிருந்து கைதேர்ந்தவர் வரை ஒரு நர்ஸ் ஐந்து நிலைகளைக் கடந்து வளர்கிறார் என்று காட்டினார். அந்த நிலைகளை வைத்தே அங்கே பல ஆஸ்பத்திரிகளில், படுக்கையருகே இருந்துகொண்டே ஏறக்கூடிய படிகளை வைத்திருக்கிறார்கள்.

அதே மாதிரி ஒன்றைத்தான் எழுதிக் கொடுத்தேன். சீனியர் ஸ்டாஃப் என்று ஒரு கிரேடு. இன்சார்ஜுக்குச் சமமான சம்பளம், ரோஸ்டரில் நைட் குறைவு, பதிலுக்குப் புதிய பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு பழக்க வேண்டும். ‘இதில் ஆஸ்பத்திரிக்கு என்ன லாபம்?’ என்று எச்.ஆரிலிருந்து ஒரு வரியில் பதில் கேட்டார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் இடத்துக்கு ஆள் எடுத்து, பழக்கி, தனியாக ஒரு ஷிப்டில் விடுகிற வரை எத்தனை மாதச் சம்பளம் இரட்டிப்பாகப் போகிறது என்று அவர்கள் பதிவேட்டிலிருந்தே கணக்கெடுத்து அனுப்பினேன். ஐசியுவில் மட்டும் ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். வார்டுக்கு அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாமாம். சரி, ஐசியுவில் ஆரம்பிக்கட்டும். ஆறு மாதம் கழித்து அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கோடு வார்டுக்கும் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுப்பேன்.